தக்காளிப் புழுவைச் சோதனைக்குக் கொடுத்த கதை

விசுவமடுவில் எங்கள் தோட்டத்தில் பருத்தி இல்லை. ஆனால் தக்காளிக்குள் தலையை விட்டு, பாதி உடம்பு வெளியே தெரியக் கிடப்பது அதே பருத்திக் காய்ப்புழுதான். கிழமைக்கு ஒருக்கால் மருந்து அடித்தும் சாகவில்லை. புழு மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சோதிக்கலாம் என்றார் விவசாயப் போதனாசிரியர்.

ஐம்பது புழுவை ஒரே ஐஸ்கிரீம் பெட்டியில், இலையும் போட்டுச் சோதனை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனேன். திறந்தால் பாதிகூட இல்லை. ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. ஒரு புழுவுக்கு ஒரு கப் வேண்டும். பெரிய புழுவும் சரிவராது, அரை அங்குலம் அளவில் பாருங்கள்.

அடுத்த முறை தயிர்க் கப்புகளில் தனித்தனியாக. உயிரோடு போய்ச் சேர்ந்தன. படிவத்தில் மருந்தின் இரசாயனப் பெயர், கடைசியாக அடித்த திகதி, அளவு. "நீல மூடிப் போத்தல்" என்றேன். அங்கிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "விபரம் இல்லாமல் எடுக்க ஏலாது." முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது.

அன்று பின்னேரம் அப்பாவும் நானும் வேலி ஓரம் கிளறி இரண்டு போத்தல் எடுத்தோம். மண்ணைத் துடைத்து லேபிளை வாசித்தேன். கம்பனி வேறு, நிறம் வேறு, ஆனால் இரண்டு இரசாயனப் பெயரும் "த்ரின்" என்றுதான் முடிந்தன. இரண்டுமே பைரித்ராய்டு என்ற ஒரே மருந்துக் குழு. மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிறோம் என்று அப்பா நம்பியிருந்தார். புழுவுக்கு அது ஒரே மருந்துதான்.

மூன்றாம் முறை எடுத்துக்கொண்டார்கள். இலையை மருந்தில் தோய்த்துக் காயவைத்து, தட்டுக்கு ஒரு புழு. ஒப்பிட்டுப் பார்க்க, சில இலையை வெறும் தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தத் தண்ணீர்த் தட்டிலும் புழு செத்தது! நான் கொடுத்தது மருந்து அடித்த எங்கள் தோட்டத்து இலை. சோதனை முழுக்க வீண். மருந்தே படாத செடியின் இலையைக் கொடுங்கள். கிணற்றடியில் தானாக முளைத்த தக்காளிதான் கடைசியில் கைகொடுத்தது.

லேபிளில் உள்ள அளவில் த்ரின் மருந்தில் தோய்த்த இலையைத் தின்று, மூன்றாம் நாளும் முக்கால்வாசிப் புழு ஊர்ந்தது. வேறு குழு மருந்து பட்டவை சுருண்டு கிடந்தன. எனக்கு நெஞ்சு லேசானது.

போன கிழமை அப்பா கடையில் போத்தலைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். "தம்பி, த்ரின் வேண்டாம். வேற குழு தாங்கோ."