கரிசாலையை எலிகளில் சோதித்த அனுபவம்

மருந்தியல் முதுகலை ஆய்வுக்கு ஒரு மூலிகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நான் கரிசாலை என்றும் சொல்லும் கரிசலாங்கண்ணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சித்த மருத்துவம் பாண்டு என்று சொல்லும் ரத்தசோகைக்கும் காமாலைக்கும் வீக்கத்துக்கும் காலங்காலமாகக் கொடுத்துவரும் கீரை அது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதனால் இந்தச் செடியை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை இருந்தது.

முதல் சிக்கல் செடியை அடையாளம் காண்பதுதான். வரப்போரம் வெள்ளைப் பூவோடு நிற்பது ஒன்று. மஞ்சள் பூ பூப்பது வேறு பேரினம். போதாததற்கு, பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கும் சிங்கப்பூர் டெய்சியும் மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் கைமாறுகிறது. நான் எடுத்தது வெள்ளைக் கரிசாலை, அதாவது எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். அதோடு நிற்காமல், பூவும் வேருமாகப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் சான்று வாங்கி, மாதிரியை எண்ணிட்டு உலர்தாவரத் தொகுப்பில் வைத்த பிறகுதான் அரைக்கத் தொடங்கினேன். கடைப் பொடியை வாங்கி ஆய்வு செய்துவிடாதீர்கள். எதைச் சோதித்தோம் என்பதே கேள்வியாகிவிடும்.

சாறெடுக்க எத்தனால் என்ற ஆல்கஹால்தான் சுலபம், சீக்கிரம் ஆவியாகும். நான் தண்ணீரில்தான் எடுப்பேன் என்று நின்றேன். மக்கள் குடிப்பது சாறும் கஷாயமும்தானே? வற்றவைக்க நாளாகிறது, ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கிறது. ஆனாலும் அதுதான் நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஏன் இத்தனை எலிகள், ஏன் இதைவிடக் குறைக்க முடியாது, வலியை எப்படித் தணிப்பீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டார்கள். காத்திருப்பு நீண்டதுதான், ஆனால் அந்தக் கேள்விகள் என் திட்டத்தைச் சீராக்கின. நச்சுத்தன்மைச் சோதனையை ஓஇசிடி 423 என்ற சர்வதேச வழிகாட்டு முறையில் செய்தோம்: சோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எலிகள், 14 நாள் கண்காணிப்பு.

வீக்கச் சோதனையில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை 1 சதவீதக் கரைசலாக்கி எலியின் பாதத்தில் 0.1 மில்லி ஏற்றி, பாதத்தின் கன அளவை மணிக்கொருமுறை அளக்க வேண்டும். முதலில் வரும் வீக்கத்துக்கு உடலே வெளிவிடும் ஹிஸ்டமினும் செரோட்டோனினும் காரணம், பிற்பாடு புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு பொருள். மூன்றாம் மணிக்கு மேல் கரிசாலை கொடுத்த எலிகளில் வீக்கம் தெளிவாகக் குறைந்தது, ஒப்பீட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வீக்க மருந்தின் அளவுக்கு இல்லை.

எலிகளுக்கு ரத்தசோகையை உண்டாக்க, எல்லாரும் செய்வதுபோல் பீனைல்ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளைத்தான் ஊசியில் ஏற்றினோம். அது சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் உடைத்துவிடும். இங்கேதான் நிதானம் வேண்டும். ஊசியை நிறுத்தினால் எலியின் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை உற்பத்தி செய்து தானாகவே தேறிவிடும். ஆகவே மருந்து கொடுக்காத ரத்தசோகைக் குழு இல்லாவிட்டால், எந்தத் தழையைக் கொடுத்தாலும் ஹீமோகுளோபின் ஏறியதாகத்தான் தெரியும். அந்தக் குழுவோடு ஒப்பிட்டபோது, கரிசாலைக் குழு சற்று முன்னதாகத் தேறியது. எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் நம் பெண்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அணு உடையும் சோகை அல்ல, இரும்புச்சத்துக் குறைவு. எனவே என் முடிவை அவர்களுக்குப் பொருத்த முடியாது என்று ஆய்வேட்டில் எழுதியே தீருவேன் என்றேன், எழுதினேன். இன்னொன்றும் இருக்கிறது: உடலில் அழற்சி, அதாவது வீக்கத்தை உண்டாக்கும் எதிர்வினை, நீடித்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அது குடல் இரும்பை உறிஞ்சுவதையும், சேமிப்பிலுள்ள இரும்பு வெளியே வருவதையும் தடுத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு இரும்பு மாத்திரை சரியாக வேலை செய்வதில்லை. அழற்சியையும் தணித்து, இரும்பையும் விடுவிக்கிற மூலிகை உண்டா என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமான கேள்வி. இரும்பு குறைந்த தீவனம், ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), ஹெப்சிடின் அளவீடு எல்லாம் சேர்த்து அடுத்த விண்ணப்பத்தைக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.