ஏற்காத போரும் அதில் காயமடைந்தவரும்

முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதிய வழக்குகளை நடத்துவது என் தொழில். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு, 2009இல் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கும்வரை இவை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுக்களாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். என் மேசைக்கு வந்த கட்டுகளில் பல, இலங்கைக்குப் போய்த் திரும்பிய இந்திய அமைதி காக்கும் படையினருடையவை. அந்தப் படையை அங்கே அனுப்பியதும், அனுப்பிய பிறகு அதைச் சண்டையில் இறக்கியதும் தவறு என்பதே அன்றும் இன்றும் என் கருத்து. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டே அவர்களுக்காக வாதாடி வருகிறேன்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைச் செயல்படுத்தப் போன படை, அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போரில் இருந்தது. அதே மாதம் 21ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது படையிலும் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். சென்னை வந்தவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அவர் போகாததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அக்கரையில் செத்துப்போன தமிழர்களை நினைத்தவர்களுக்கு அன்று மாலையும் மேளமும் ஆறுதலாக இருந்திருக்காது. ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு நின்றவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்கள்தான், முடிவெடுத்தவர்களில் ஒருவர்கூட அந்த வரிசையில் இல்லை என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

எந்தப் போருக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஜவானுக்குக் கிடையாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, களப்பணியில் இருப்பவர் படையை விட்டு ஓடினால் மரண தண்டனைகூட விதிக்கலாம். சிப்பாய் செய்த எல்லாவற்றுக்கும் அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. நிராயுதபாணியைச் சுட்டவனுக்கு எந்த உத்தரவும் கவசம் ஆக முடியாது. ஆனால் போனதற்காக ஒருவரைக் குற்றம் சொல்வதும், போன இடத்தில் செய்ததற்காகக் குற்றம் சொல்வதும் வேறு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியது இந்தத் தொழிலில்தான்.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக (சிப்பாய்க்கு மேலான ஒரு பதவி) இருந்த ஒருவரின் வழக்கைச் சொன்னால் விளங்கும். வடக்கு மாகாணத்தில் அவருடைய கான்வாயின் முன்வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. பின்னால் வந்த இவருடைய வண்டியின் ஓட்டுநர் சட்டென்று ஒடித்ததில் அது கவிழ்ந்து, இவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காலை எடுத்துவிட்டார்கள். புனேவில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்திக்கொண்டு, மெடிக்கல் போர்டு முடிந்து, ‘போர்டு அவுட்’ ஆகி, அதாவது உடல்தகுதி இல்லையென்று படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஊர் திரும்பினார். என் அறைக்கு வந்தால் முதலில் வார்களைத் தளர்த்திக் காலைக் கழற்றி நாற்காலியோரம் சாய்த்து வைப்பார். வெட்டுப்பட்ட முனையில் போட்டிருக்கும் பருத்தி உறையை உருவி உதறி, சிவந்திருக்கும் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கோடையில் வியர்வை தேங்கித் தோல் உரிந்துபோகும் என்று அவருடைய மனைவி சொன்னார்.

அவருடைய காயத்தைப் பற்றிய பார்ட் டூ ஆர்டரில், அதாவது படைப்பிரிவின் அலுவல் பதிவில், ‘சாலை விபத்து’ என்று எழுதியிருந்தார்கள். கண்ணிவெடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த ஒரு பதிவால் ஆவதென்ன என்பதை ஓய்வூதிய விதிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஊனத்துக்காக ஓய்வூதியத்தில் சேரும் தொகைக்கு ஊனக் கூறு என்று பெயர். 100 விழுக்காடு ஊனத்துக்குச் சாதாரண ஊனக் கூறு கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. போர்க்காயம் என்று ஏற்கப்பட்டு வெளியேற்றப்பட்டவருக்கோ அது கடைசிச் சம்பளத்தின் முழு அளவு. ஊன விழுக்காடு குறைவாக இருந்தால் இரண்டும் குறையும். கூட இருந்தவர்களைத் தேடிப் போனோம். பாலக்காட்டில் ஒருவரும் திருநெல்வேலிப் பக்கம் ஒருவரும் கிடைத்தார்கள். வெடிச் சத்தத்துக்கும் வண்டி கவிழ்ந்ததற்கும் இடையே மூச்சு விடும் நேரம்கூட இல்லை என்று இருவரும் தனித்தனியே பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்கள்.

மனுவை எழுதும்போதுதான் என் கருத்துக்குச் சோதனை வந்தது. இத்தகைய மனுக்களில் ‘தாய்நாட்டைக் காக்கும் புனிதப் பணியில்’ என்று தொடங்குவது வழக்கம். எங்கள் அலுவலகத்து மாதிரிப் படிவத்திலேயே அது இருந்தது. அந்த வரியை நான் அடித்துவிட்டேன். அந்தப் போரில் தாய்நாடு காக்கப்பட்டது என்று நான் நம்பவில்லை. நம்பாததை அவருடைய காயத்தின் பெயரால் எழுதுவது அவருக்கும் மரியாதை அல்ல. ‘அரசு அனுப்பிய இடத்துக்குப் போனார், இட்ட பணியைச் செய்தார், அந்தப் பணியில் காலை இழந்தார்’ என்று எழுதி அவரிடமே படித்துக் காட்டி, ஏன் மாற்றினேன் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “நீங்க அந்தச் சண்டையப் பத்தி என்ன நெனச்சாலும் சரி மேடம், நடந்தத நடந்தபடி எழுதுங்க, அது போதும்” என்றார். சட்டத்துக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. போர் நியாயமானதா என்ற கேள்வி ஓய்வூதிய விதிகளில் எங்கும் இல்லை. அனுப்பியது யார், காயம் எப்படி ஏற்பட்டது என்ற இரண்டைத்தான் அவை கேட்கின்றன.

சில நாட்கள் கழித்து, வழக்குக்குத் தொடர்பில்லாத ஒன்றை அவர் சொன்னார். ஒரு வீட்டைச் சோதனையிட நுழைந்தபோது, பஞ்சாபி ஹவில்தார் கேட்டதை இவர் தமிழில் திருப்பிச் சொன்னாராம். அங்கிருந்த மூதாட்டி இவரை ஏறிட்டுப் பார்த்து, “தம்பி, நீர் தமிழோ?” என்று கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் என்ன ஆனான் என்று இவருக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘விடுங்கள் ஐயா, உங்கள் மேல் தப்பில்லை’ என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அதை மன்னிக்கும் உரிமை அந்த மூதாட்டிக்கும் அந்தப் பையனுக்கும் உரியது. ஒரு வழக்கறிஞர் அதை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. கடைசிவரை கேட்டேன், அடுத்த முறையும் கேட்டேன். படைவீரருக்குத் துணை நிற்பது என்றால் அவர் சொல்லத் துணிந்ததைக் காது கொடுத்துக் கேட்பதும் அதில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன். வீரவணக்கம் சொல்லி வாயை அடைத்துவிட்டால் அவர் சொல்ல வந்தது அவருக்குள்ளேயே கிடந்து அழுகும்.

எங்கள் சனங்களைக் கொன்றவர்களுக்குப் பென்ஷன் வாங்கித் தருகிறாயா என்று நெருங்கிய தோழி ஒருத்தி கேட்டாள். அவளுடைய சித்தப்பா குடும்பம் அந்த நாட்களில் வல்வெட்டித்துறையிலிருந்து அகதியாக வந்தது. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த அரசு செய்ததற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்றால், அது தன் சொந்தச் சிப்பாயின் காலுக்குச் சொல்ல வேண்டிய கணக்கும் அதற்குள் வரும் என்றேன். கண்ணிவெடியைச் சாலை விபத்து என்று எழுதி மறைக்கும் கைதான் மருத்துவமனையில் நடந்ததையும் மறைத்தது என்பது என் எண்ணம். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எதிர்ப்பக்கமும் அழுத்தம் வந்தது. முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றில் அந்தப் போர் நாட்டுக்குப் பெருமை என்று பேசச் சொன்னார்கள், மறுத்தேன். இரண்டு வழக்குகள் என்னைவிட்டுப் போயின.

நாயக்கின் வழக்கில் தீர்ப்பாயம் அதைப் போர்க்காயம் என்று ஏற்றது. ஆனால் நிலுவைத் தொகை, இத்தகைய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2008இல் வகுத்த நெறிப்படி, மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்கு முன்னால் அவர் பாதிச் சோற்றில் ஓட்டிய காலத்துக்குச் சல்லிக்காசு இல்லை. “அப்போ பசங்க படிச்சிட்டிருந்தாங்க வக்கீலம்மா, அப்ப வந்திருந்தா உதவியா இருந்திருக்கும்” என்றார் அவருடைய மனைவி. ஆகவே இப்போது யாரேனும் அந்தப் படையில் இருந்தவர் என்று காதில் விழுந்தால், போரைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காயப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். மனு தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாத நிலுவை போய்விடுகிறது.