ஸ்மிகா இல்லாமல் தல்மூத் ஆசிரியை ஆவது எப்படி: நான் பட்ட பாடு

ஸ்மிகா, அதாவது ரபி (யூத மதகுரு) பட்டம், இல்லாமல் யூதப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தல்மூத்தும் (யூதச் சட்ட விவாத நூல்) ஹலாகாவும் (யூத மதச் சட்டம்) கற்பிக்க விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியூயார்க், நியூஜெர்சி பக்கத்து மாடர்ன் ஆர்த்தடாக்ஸ் (மதச் சட்டத்தோடு நவீனக் கல்வியையும் ஏற்கும் யூதப் பிரிவு) பள்ளிகளை வைத்துத்தான் சொல்கிறேன். இன்னும் கட்டுப்பாடான பெய்ஸ் யாக்கோவ் வகைப் பள்ளிகளில் பெண்களுக்குக் கெமாரா (தல்மூத்தின் விவாதப் பகுதி) பாடமே கிடையாது என்பதால் அங்கே இந்தத் தலைவலியும் கிடையாது.

விண்ணப்பம், தொலைபேசிப் பேச்சு, முதல்வரோடு முதல் சந்திப்பு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்புறம் மாதிரி வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு, தல்மூத்தின் பாவா மெட்சியா பகுதியில் கண்டெடுத்த பொருள்களைப் பற்றிய அத்தியாயம். எந்தப் பக்கத்தை எடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தேன். நகல் எடுத்து வைப்பதாக அலுவலகத்திலும் சொன்னார்கள். வகுப்புக்குப் போய்த் தாள்களைப் பார்த்தால் ராஷி என்ற விளக்க உரையில் பாதியைக் காணோம்.

தல்மூத்தின் வில்னா பதிப்பு கையில் இருப்பவர்களுக்கு ஏன் என்று புரிந்திருக்கும். நடுவில் கெமாரா, வெளி ஓரம் தோசஃபோத் என்ற இன்னொரு உரை, உள் ஓரம், அதாவது தையல் பக்கம், ராஷி. தடிப் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தாமல் நகல் எடுத்தால் கறுத்துப் போவது ராஷிதான். ராஷி இல்லாமல் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் அரமேய மொழி வரிகளை நீட்டினால் அவள் என்ன செய்வாள்?

என் புத்தகத்திலிருந்து ராஷியை உரக்கப் படித்தேன், விடுபட்ட சொற்களை அவர்களையே எழுதி நிரப்பச் சொன்னேன். விவாதம் இதுதான்: பொருளைத் தொலைத்தவனுக்கு அது தொலைந்ததே இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால், திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை விட்டிருப்பான். கண்டெடுத்தவன் அதை வைத்துக்கொள்ளலாமா? தல்மூத் அறிஞர் ராவா, தெரியாவிட்டாலும் நம்பிக்கை விட்டதாகவே கணக்கு என்கிறார். இன்னொரு அறிஞர் அபாயே, அப்படியில்லை என்கிறார். இருவரும் மோதினால் பெரும்பாலும் ராவா பக்கம்தான் சட்டம் நிற்கும். அபாயே ஜெயிக்கும் ஆறு இடங்களில் இது ஒன்று. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்: "என் ஃபோன் எங்கே கிடக்கிறது என்று வரைபடத்திலேயே காட்டுமே, நான் எப்போது நம்பிக்கையை விடுவேன்?" அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. விடுபட்ட சொற்களை நிரப்பச் சொன்னது என் கற்பித்தல் உத்தி என்று முதல்வர் குறித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. நீங்கள் போகும்போது நகல்களை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இணையத்தில் வருடப்பட்ட பக்கங்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஓரம் கெடாது.

நேர்காணல் குழுவில் ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். "பெண்களுக்கு எதற்கு இவ்வளவு கெமாரா? ஹலாகா மட்டும் போதாதா?" என்பார். மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பின் சோட்டா பகுதியில் பென் அசாய், ரபி எலியேசர் என்ற இரு அறிஞர்கள் இதே விஷயத்தில் எதிரெதிராக நிற்பதை எடுத்து வாதாடக் கிளம்பாதீர்கள், மாலை வரை முடியாது. மாடர்ன் ஆர்த்தடாக்ஸ் வட்டம் பெரிதும் மதிக்கும் ரபி ஜோசப் சொலோவேட்சிக் 1937இல் பாஸ்டனில் தொடங்கிய பள்ளியில் பெண்களும் கெமாரா படித்தார்கள், 1977இல் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்கான தல்மூத் வகுப்பை அவரே பாடம் எடுத்துத் தொடங்கி வைத்தார் என்ற இரண்டு தகவல் போதும். அதன் பிறகு பாடத்துக்கு வந்துவிடுங்கள். சப்பாத் (வார ஓய்வுநாள்) அன்று கூடாத 39 வேலைகளை மனப்பாடம் செய்த மாணவி, நல்லதிலிருந்து கெட்டதைப் பொறுக்குவது ஏன் தடை, கெட்டதை விட்டு நல்லதை எடுத்தால் மட்டும் எப்படிச் சரி என்று கேட்கிறாள். அந்தப் பட்டியல் இருக்கும், தல்மூத்தின் சப்பாத் பகுதி 73ஆம் தாளையும் அடுத்ததையும் திறக்காமல் அவளுக்கு என்ன பதில் சொல்வது? இப்படிக் கேட்டேன். பெரியவர் தலையாட்டினார்.

வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன். உண்மையான கூத்து காகிதத்தில் காத்திருந்தது.

கணக்குப் பிரிவின் படிவத்தில் சம்பளப் படிநிலைக்கு மூன்றே கட்டங்கள்: இளங்கலை, முதுகலை, ஸ்மிகா. யூதப் பாடம் கற்பிப்பவர் என்று தேர்வு செய்தால் ஸ்மிகா சான்றிதழை இணைத்தே ஆக வேண்டும். இணைக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தொலைபேசியில் கேட்டால், "உங்களிடம் ஸ்மிகா இல்லையா? அப்படியானால் பொதுப் பாட ஆசிரியர் என்று போடுங்கள்" என்றார் அந்த அம்மா. வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட்டால் தல்மூத் படித்த ஆண்டுகளுக்கு ஒரு காசு கிடையாது.

பெண்ணுக்கு ஸ்மிகா எங்கிருந்து வரும்? நியூயார்க்கில் 2009இல் தொடங்கிய யெஷிவாத் மஹராத் என்ற பெண்கள் கல்விக்கூடம் கொடுக்கிறது. ஆனால் 2015இல் அமெரிக்க ரபிகள் சபை அப்படிப் பட்டம் பெற்ற பெண்களை ரபி பதவியில் அமர்த்தக் கூடாது என்று தீர்மானம் போட்டது, என் பள்ளியும் அந்த வட்டத்தைச் சேர்ந்ததுதான். அதாவது அந்தக் காகிதம் இல்லாவிட்டால் படிவம் திறக்காது, இருந்தால் பள்ளிக் கதவே திறக்காது.

சரி, படித்ததற்காவது சான்று வாங்குவோம் என்று எருசலேமில் நான் படித்த கல்விக்கூடத்துக்கு எழுதினேன். அங்கே பட்டம் கிடையாது, மதிப்பெண் பட்டியல் கிடையாது. யார் எத்தனை தாள் படித்தார் என்பது ஆசிரியரின் நினைவில்தான் இருக்கிறது. அதைவிடக் கொடுமை நேரம். இங்கே பள்ளிகள் ஆளெடுத்து முடிக்கும் வசந்த காலத்தில்தான் அங்கே நிசான் என்ற யூத மாத விடுமுறை, பெசாக் பண்டிகை முடிந்து அடுத்த மாதமான ஐயார் பிறக்கும்வரை அலுவலகத்தில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையும் கிடைக்க மாட்டார்கள். நமக்கு மாலை என்றால் அவர்களுக்கு நள்ளிரவு. பெசாக்குக்கு முன்பே கடிதம் வாங்கி வைத்துவிடுங்கள். இப்போது அங்கே படித்துக்கொண்டிருப்பவர்கள் ஊர் திரும்பும் முன்பே தலைப்புத்தாளில், கையெழுத்தோடு வாங்குங்கள்: எந்த மசேஹேத் (தல்மூத்தின் ஒரு பகுதி நூல்), எத்தனை தாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஹலாகாவில் எந்தப் பகுதிக்குத் தேர்வு எழுதினீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும்.

கடிதம் வந்ததும் கணக்குப் பிரிவுக்குப் போகவில்லை, நேராக முதல்வரிடம் போனேன். பக்கத்து அறையில் அதே மசேஹேத்தை நடத்தும் ரபி படித்த மணி நேரத்தையும் என்னுடையதையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். (அந்த ரபியே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார், நல்ல மனிதர்.) சில நாளில் படிவத்தில் நான்காவது கட்டம் முளைத்தது: "உயர்நிலைத் தல்மூத் படிப்பு, ஸ்மிகாவுக்கு இணை."

வீட்டு வாடகைப்படி விஷயத்தில் மட்டும் தோற்றேன். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு மதகுருமாரின் வீட்டு வாடகைப்படிக்கு வரி விலக்கு தருகிறது. பல யூதப் பள்ளிகளில் ஸ்மிகா உள்ள ஆண் ஆசிரியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி இப்படித்தான் போகிறது. பள்ளி மனது வைத்தாலும் இது வரித்துறை விவகாரம் என்று கணக்காளர் கையை விரித்துவிட்டார். ஆகவே இருவருக்கும் ஒரே சம்பளம் என்று சொன்னாலும் கைக்கு வருவது ஒன்றல்ல. சம்பளம் பேசும்போதே இந்த வித்தியாசத்தைக் கேளுங்கள், எங்கள் பள்ளியில் புத்தகப்படியை உயர்த்திக் கொடுத்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள். ஹலாகா வகுப்பு எடுப்பவரிடம் மாணவிகள் பாடத்தோடு நிறுத்த மாட்டார்கள், இறைச்சிக் கரண்டி பால் பாத்திரத்தில் விழுந்துவிட்டது (இரண்டும் கலக்கக் கூடாது) என்று இரவில் படம் எடுத்து அனுப்புவார்கள். என் ஒப்பந்தத்தில், சட்டக் கேள்விகளைப் பள்ளி ரபியிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் இருந்தது. ரபி எத்தனை மணி வரை பதில் சொல்வார் என்று கேட்டு, அதையும் அதில் எழுத வைத்தேன். இரவு பத்தரை வரை. அதற்குப் பிறகு கரண்டி காலை வரை காத்திருக்கட்டும்.