சாயங்காலச் சீட்டு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குத் தினமும் பார்சல் ஏற்றிக்கொண்டு போய் வருவது ஏழு வருடம் என் வேலையாக இருந்தது. வண்டி டாடா ஏஸ். குட்டி யானை என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். காலை ஆறரைக்குக் குடோனைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு சீட்டு கொடுப்பார்கள். டயர், பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஸ்டெப்னி, முதலுதவிப் பெட்டி என்று 22 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்ததும் அதே சீட்டின் பின்பக்கத்தை நிரப்ப வேண்டும்.

அந்த 22 கட்டங்களுக்கும் சேர்த்து எனக்கு ஆன நேரம் 20 நொடி இருக்கும். மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. நான் தனித்தனியாக டிக் போட்டதால் என்னைக் கொஞ்சம் ஒழுங்கானவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தை யாருமே நிரப்பியதில்லை. மலை இறங்கி வந்து, வராத பார்சல்களுக்குக் கணக்குச் சொல்லி, வசூல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்கு வீட்டு ஞாபகம்தான் வரும். மறுநாள் காலையில் முன்பக்கம் எழுதும்போதே நேற்றைய பின்பக்கத்துக்கும் ஒரு கிறுக்கல். யாரும் கேட்டதும் இல்லை.

இத்தனைக்கும் அது சமவெளி ரூட் அல்ல. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். பர்லியாறு, காட்டேரி வழியாகக் குன்னூர் போய்ச் சேர 14 கொண்டை ஊசி வளைவுகள். 30 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஏறும்போது என்ஜின்தான் கஷ்டப்படும். இறங்கும்போது அந்த உயரம் மொத்தமும் பிரேக்கில் வந்து உட்காரும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது மலையில் ஓட்டுகிறவர்களுக்கு முதல் பாடம். தெரியாதவர்கள் நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பார்கள். அந்த டீசல் காசு எங்கே போய் முடியும் என்பதை மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள்.

என் கதைக்கு வருகிறேன். ஐப்பசி மாதம், நல்ல மழை. ஒரு வாரமாகவே பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே போய்ப் பிடித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன், பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருந்தது. கடையில் சின்ன டப்பா வாங்கி ஊற்றினேன். மட்டம் கோட்டுக்கு வந்துவிட்டது, மனசும் சமாதானமாகிவிட்டது. பிரேக் கட்டத்தில் டிக்.

ஆயில் ஏன் குறைந்தது என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு காரணம்தான் இருக்க முடியும். எங்கோ ஒழுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும். பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் உள்ளே போகும், மேலே வண்டியின் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தைக் கண்ணுக்குக் காட்டுகிற ஒரே இடம் அந்த டப்பாதான். நான் அதில் ஆயிலை ஊற்றி, வண்டி சொன்னதை அழித்துவிட்டேன்.

அன்று குன்னூரிலிருந்து திரும்பும்போது டீத்தூள் மூட்டைகள் லோடு. காட்டேரிக்குக் கீழே சுற்றுலா கார்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது கியரில்தான் இருந்தேன், ஆனாலும் முன்னால் போகிற கார் நின்று நின்று போனதில் கால் பெடலைவிட்டு எழவே இல்லை. முதலில் கருகல் வாடை. முன்னால் போகிற கார்தான் என்று நினைத்தேன். மலையில் எல்லா டிரைவரும் முதலில் அப்படித்தான் நினைப்பார்கள். அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. விட்டுவிட்டு மறுபடி மறுபடி மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, மலை ஓரமாக இருந்த தண்ணீர்க் கால்வாயில் இடது முன் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். வலது பக்கம் பள்ளத்தாக்கு. இறங்கிப் பார்த்தபோது கால் தரையில் நிற்கவில்லை. வண்டிக்கு பம்பர் நசுங்கியதோடு சரி.

மறுநாள் மெக்கானிக் கழற்றிக் காட்டினார். பேட் இருந்த இடத்தில் வெறும் இரும்புத் தகடு. பிரேக் ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். கொதித்தால் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் பஞ்சானது அதனால்தான். "கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை, ஓனருக்கும் தெரியவில்லை. 22 கட்டங்கள் உள்ள சீட்டு வருடக்கணக்கில் ஃபைலில் இருந்தது. அதில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

ஆபீசில் வேறு ஒரு கேள்விதான் கேட்டார்கள். அன்றைய சீட்டை எடுத்து மேஜையில் வைத்து, "பிரேக் ஓகேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார்கள். நான்தான் போட்டேன். அந்தச் சீட்டு எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதே குடோனில் கோத்தகிரி ரூட் ஓட்டிய ஒரு மூத்த டிரைவர் இருந்தார். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் காலையில் வண்டியைச் சுற்றி ஒரே ஒரு முறை நடப்பார், ஏறிவிடுவார். அலட்சியம் என்று நினைத்திருந்தேன். கேட்டதற்கு, "காலைல என்னத்தப் பாக்கறது கண்ணு, நேத்துச் சாயங்காலமே பாத்துட்டனே" என்றார்.

ஒரு வாரம் அவர் பின்னாலேயே நின்று பார்த்தேன். வண்டியை நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார், தொடமாட்டார். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கெட்டுப்போகப் போகிறது. காலையில் ஆறிப்போன வண்டியில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் வீல் நட்டுகளை ஒரு சின்ன ராடால் தட்டுவார். இறுகிய நட்டு கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது தொப்பென்று ஒலிக்கும். பஞ்சர் ஒட்டி வந்த நாளின் மறுநாள் கண்டிப்பாக ஸ்பேனர் போட்டு இறுக்குவார், ஏனென்றால் கழற்றி மாட்டிய நட்டு கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும். டயர் பட்டைக்குள் மாட்டிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பார். பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடு இருக்கும். பட்டை தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த டயர் மழைக்கு ஆகாது. காற்று மட்டும் சாயங்காலம் பார்க்கமாட்டார். ஓடிச் சூடான டயரில் காற்று அதிகமாகக் காட்டும், அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

கடைசியாக ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரிப்பார். கூரியர் குடோனில் அட்டைக்கா பஞ்சம். காலையில் அந்த அட்டையைப் பார்ப்பதுதான் அவருடைய காலைச் சோதனை. கறுப்புச் சொட்டு என்றால் என்ஜின் ஆயில், பச்சை என்றால் கூலண்ட், சக்கரத்துக்குக் கிட்டே வழவழவென்று இருந்தால் பிரேக். எங்கே சொட்டியிருக்கிறதோ அதற்கு நேர் மேலே பார்த்தால் போதும்.

நானும் அப்படியே பழகினேன். மொத்தம் பத்து நிமிடம். பெடல் எப்படிப் பிடித்தது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுத்தது, எந்த வளைவில் எந்தச் சத்தம் வந்தது என்பதெல்லாம் இறங்கிய கையோடு ஞாபகத்தில் இருக்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். சாயங்காலம் சொன்னால் இரவுக்குள் சரிசெய்யலாம். காலை ஆறரைக்குச் சொன்னால் ஏற்றிய லோடை யார் இறக்குவது?

ஆனால் பழகினேனே தவிர, எழுதவில்லை. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. குறை என்று எழுதினால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அன்றைய கூலி இல்லை, பேட்டா இல்லை. இந்த நிலைமையில் யார் எழுதுவான்? தன் கைக்காசில் பல்பு வாங்கிப் போட்டுக்கொண்டு டிக் அடிப்பான். பெரிய குறையாக இருந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டு டிக் அடிப்பான். டிரைவர்களுக்குப் பொறுப்பில்லை என்று ஏசிக் காற்றில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இது புரியாது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலும், வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டவிடுகிறவரும் குற்றவாளிதான். எங்கள் சீட்டில் ஓட்டுகிறவர் கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. எஃப்.சி., அதாவது வண்டியைச் சோதித்துத் தரும் தகுதிச் சான்று, இருக்கிறதே என்பார்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. அன்றைக்கு வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பாக்கி 364 நாளும் மலை ஏறுவது வேறு வண்டி.

அமெரிக்காவில் லாரி ஓட்டும் உறவுக்காரப் பையனிடம் ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே நாள் முடிவில் டிரைவர் பழுது அறிக்கை எழுதித் தர வேண்டும், எழுதிய பழுதைச் சரிசெய்ததாகக் கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அடுத்து ஓட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு குறையும் இல்லாத நாளில் சரக்கு லாரிக்காரர்கள் அறிக்கையே தர வேண்டாம் என்று 2014 டிசம்பரில் விதியைத் தளர்த்திவிட்டார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஃபைலில் குறை இல்லாத சீட்டைத் தவிர வேறு சீட்டே கிடையாது.

கால்வாயில் இறக்கிய சம்பவத்துக்குப் பிறகு நானும் அண்ணனும் போய் ஓனரிடம் பேசினோம். மூன்று தடவை பேச வேண்டியிருந்தது. கடைசியில், சாயங்காலம் எழுதிக் கொடுத்த குறையால் வண்டி நின்றால் அன்றைக்குப் பாதிக் கூலி என்று ஒத்துக்கொண்டார். சீட்டின் பின்பக்கத்தில், சரிசெய்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டமும் சேர்ந்தது. காலை டிக் அப்படியே இருக்கட்டும் என்றார், சரி என்றோம்.

அடுத்த மாதம் பின்பக்கங்கள் நிரம்பத் தொடங்கின. வைப்பர் ரப்பர் கிழிந்தது, பின்கதவுக் கொக்கி நிற்கவில்லை, ஹேண்ட் பிரேக் எட்டு பல் ஏறுகிறது, வலது பக்கக் கண்ணாடி ஆடுகிறது. ஒருவன் சீட் கிழிந்து முதுகு குத்துகிறது என்றுகூட எழுதியிருந்தான். சூப்பர்வைசர் தம்பி அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்கண்ணா இது, போன மாசம் வரைக்கும் எல்லா வண்டியும் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"