கோயிலா, ஆலயமா, சபையா?

சின்ன வயதில் எனக்கு எல்லாமே வேதக்கோயில்தான். திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு சர்ச். அது ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கமா, சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபையா என்று எங்கள் தெருவில் யாரும் யோசித்ததில்லை. டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் தொங்கும், வேதக்காரர் வீட்டிலிருந்து கேக் வரும். தெரிந்தது அவ்வளவுதான்.

மதுரைக்கு வந்து ஒரு அச்சகத்தில் டி.டி.பி. வேலையில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாகிறது. கல்யாணப் பத்திரிகைதான் முக்கியப் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு பெந்தெகொஸ்தே கல்யாணம் வந்தது. அவசரம். நான் ஒரு பழைய ஆர்.சி. ஃபைலைத் திறந்து, பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் மாற்றினேன். ‘கோயிலில்’ என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்றவில்லை. ப்ரூஃப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா கண்ணாடி எடுத்து வரவில்லை. “எல்லாம் சரிதாம்மா” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். 400 பத்திரிகை அடித்தாயிற்று.

மறுநாள் பாஸ்டரே வந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. “எங்களுக்குக் கட்டடம் கோயில் இல்லம்மா. விசுவாசிகள்தான் கோயில். நாங்க கூடி வர்றோம், அதனால சபை” என்றார். மறுபடி அடித்தோம். பேப்பர் செலவில் பாதியை அச்சக முதலாளி அண்ணாச்சி என் சம்பளத்தில் பிடித்தார். மீதிப் பாதி, கண்ணாடி போடாத மாமாவின் கணக்கு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

காசு போனதாலோ என்னவோ, அதிலிருந்து இந்தப் பெயர்கள் மேல் ஒரு கண். எங்களிடம் சேகர மடல் (அவர்கள் சபை வட்டாரத்தின் செய்தி மடல்) அடிக்க வரும் ஓய்வுபெற்ற சி.எஸ்.ஐ. ஐயா ஒருவர் இருக்கிறார். ப்ரூஃப் திருத்தும் நேரத்தைவிடப் பேசும் நேரம்தான் அதிகம். பாஸ்டர் சொன்னதை அவரிடம் சொன்னேன். “ரெண்டு பக்கமும் சரிதான்” என்று சிரித்தார். புதிய ஏற்பாட்டில் சபைக்கு உள்ள கிரேக்கச் சொல் எக்லேசியா. கூடிய கூட்டம் என்று பொருள். ஆனால் ‘சர்ச்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. அது குரியகோன் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; ஆண்டவருக்கு உரியது என்று பொருள். “கோ என்றால் தலைவன், இல் என்றால் வீடு. அப்போ கோயில்னு சொல்ற ஆர்.சி.க்காரங்கதான் சர்ச்ங்கிற சொல்லுக்குப் பக்கத்துல இருக்காங்க!” நாங்கள் கடையில் எழுதி எழுதித் தேய்ந்த சொல்லுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது புனிதர் பெயர்கள். பழைய ஆர்.சி. பத்திரிகைகளில் ‘அர்ச்.’ என்று போட்டிருக்கும். அர்ச்சியசிஷ்ட என்பதன் சுருக்கம். இப்போது ‘புனித’. சி.எஸ்.ஐ.யில் ‘பரிசுத்த’, அல்லது ‘தூய’. இதை மாற்றிப் போட்டால் பத்திரிகை திரும்பி வரும். சொந்த அனுபவம். முன்சொல்லை விடுங்கள், பெயரே வேறு. ஒரு வீட்டில் பவுல், இன்னொரு வீட்டில் சின்னப்பர். பவுலுஸ் என்றால் லத்தீனில் சின்னவர். அதை அப்படியே தமிழாக்கி, அப்பரையும் சேர்த்துக்கொண்டார்கள். யோவானுக்கு எபிரேயத்தில் ‘கடவுள் அருளினார்’ என்று பொருள், அருளப்பர் ஆகிவிட்டார். போர்ச்சுகலில் இருந்து வந்த ஜான் டி பிரிட்டோ இங்கே அருளானந்தர் ஆனதும் இந்த வழியில்தான். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். கருமாத்தூர் கல்லூரிக்கு அவர் பெயர்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், இது ‘ஜான்’ கல்லூரிதானே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்புக்குப் பிறகு ஆர்.சி. பூசையிலும் யோவான், பவுல் என்றுதான் வாசிக்கிறார்கள். கோயில் பெயர்கள் மட்டும் பழையபடியே நிற்கின்றன.

கத்தோலிக்க என்றால் பொதுவான, எங்கும் உள்ள என்று பொருளாம். சி.எஸ்.ஐ. ஆராதனைப் புத்தகம் ஒன்றை டைப் செய்தபோது விசுவாசப் பிரமாணத்தில், அதாவது எதை நம்புகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் அறிக்கையில், ‘பொதுவாயிருக்கிற பரிசுத்த சபையும்’ என்று வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் அதே இடத்தில் ‘கத்தோலிக்க திருச்சபை’. ஐயாவிடம் காட்டினேன். “நாங்களும் வாரா வாரம் கத்தோலிக்கம்னுதான் சொல்றோம். தமிழ்ல சொல்றதால வெளிய தெரியல” என்றார்.

சி.எஸ்.ஐ. என்ற மூன்று எழுத்தும் ஒரு கல்யாணப் பத்திரிகை மாதிரிதான்: பல வீட்டார் பெயர் சேர்ந்தது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றாகியிருந்த தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை எல்லாம் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் வழிச் சபைகளும் இதற்குள் வந்துவிட்டன. அருளானந்தருக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததும் அதே 1947.

பெந்தெகொஸ்தே ஏதோ வெளிநாட்டு ஊர் என்று நினைத்திருந்தேன். ஐம்பதாவது என்று பொருளாம். ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாள். அந்தச் சபைகளின் பெயர்கள்தான் டைப் செய்யக் கடினம்: பெத்தேல், பெனியேல், எபிநேசர், ரெகொபோத். கடைசிப் பெயரில் லெட்டர்பேட் கேட்டு வந்தவர், மூன்று வாடகை மாடிகள் மாறி, கடைசியில் மூன்று சென்ட் வாங்கியவர். “ஈசாக்கு கிணறு வெட்டினார்மா. ரெண்டு கிணத்துக்குச் சண்டை. மூணாவதுக்கு யாரும் வரல. கர்த்தர் இடம் உண்டாக்கினார்னு ரெகொபோத்னு பேர் வெச்சார். எங்க கதையும் அதேதான்.” மாடி வீட்டுக்காரர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரே சொல்லிவிட்டது.

போன மாதம் வந்தது கலப்பு. பெண் ஆர்.சி., மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டு யோவான் ஆலயத்தில். பெண்ணின் அப்பா ‘புனித’ வேண்டும் என்கிறார், சம்பந்தி ‘தூய’ என்கிறார். பெண் வீட்டுப் பங்குக் கோயில் அருளப்பர் கோயில். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லலாமா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அரை மணி நேரம் போனது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பாயிதான் முடித்துவைத்தார்.

“எதை வேணா போடு தாயி. கீழ மாதா கோயில் ஸ்டாப்புல எறங்கணும்னு போடு. இல்லாட்டி என் தங்கச்சி வந்து சேர மாட்டா.”

அடைப்புக்குறிக்குள், ஒன்பது பாயிண்டில், போட்டுக்கொடுத்தேன்.