எந்த வேலை நமக்கு ஒட்டும்?

"என் வாழ்க்கை எதற்காக?" என்று உட்கார்ந்து யோசித்தால் பதில் கிடைப்பது அபூர்வம். "எந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும்?" என்று கேள்வியைச் சின்னதாக்கினால்தான் பிடி கிடைக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் வேலை விருப்பங்களை ஆறாகப் பிரித்தார்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மனிதருக்கு உதவுதல், வியாபாரமும் தலைமையும், ஒழுங்கான அலுவலகப் பணி. இதை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு இலவசக் கேள்வித்தாளை இணையத்தில் வைத்திருக்கிறது. மொத்தம் 60 கேள்விகள், வகைக்குப் பத்து. ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 40 வரை மதிப்பெண் வரும். அதிகம் வந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறுவது பதில் சொல்லும்போதுதான். "இது எனக்கு வருமா? சம்பளம் எவ்வளவு? அப்பா ஒத்துக்கொள்வாரா?" என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பதில் சொல்வார்கள். பிடிக்குமா பிடிக்காதா, அவ்வளவே கேள்வி. ஆறிலும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வந்தால் பயப்பட வேண்டாம். பல வேலைகளைத் தொட்டுப் பார்த்திராதவர்களுக்கு அப்படி வரலாம். கொஞ்சம் அனுபவம் சேர்ந்தபின் மறுபடி எழுதலாம்.

விருப்பம் வேறு, திறமை வேறு. இந்தத் தாள் திறமையை அளக்காது. அதனால் அடுத்த படியை விட்டுவிடாதீர்கள்: குறித்துக்கொண்ட மூன்று வகைகளில் உங்களை ஈர்க்கும் ஒரு வேலையைத் தேர்ந்து, அதில் இருக்கும் ஒருவருடன் ஒரு முழு நாள் இருங்கள். அவரிடம் வெற்றிக்கதை கேட்க வேண்டாம். சலிப்பூட்டும் பகுதி எது, அது நாளில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஆசிரியருக்கு விடைத்தாள் கட்டு, தச்சருக்கு உப்புத்தாள் தேய்ப்பு, செவிலியருக்கு இரவுப் பணி. அதையும் சகித்துக்கொள்ள முடியும் என்று தோன்றினால், இருக்கும் வேலையை விடாமல் வார இறுதிகளில் மூன்று மாதம் செய்து பாருங்கள்.