ஃப்ரீபிஎஸ்டி 14.3-க்கு ஏறினேன்: ரூட்டைக் காணாத கெர்னலும் விட்டுப்போன இரண்டு மாட்யூல்களும்

என் பழைய திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினி இப்போது ஃப்ரீபிஎஸ்டி 14.3 இயங்குதளத்தில், நானே பொறுக்கியெடுத்த கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு) ஓடிக்கொண்டிருக்கிறது. 13.5-இலிருந்து மூலநிரல் வழியாகவே ஏறினேன். 13 கிளைக்கான ஆதரவு 2026 ஏப்ரல் 30 வரைதான், எனவே எப்படியும் ஏறியாக வேண்டும். ஏறுவதோடு ஏறுவதாகக் கெர்னலையும் இன்னும் இளைக்க வைத்துவிடலாம் என்று துணிந்தேன். இந்த மடிக்கணினியின் எஸ்எஸ்டி முழுவதும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைதான். பழைய கோப்பு முறைமையான யூஎஃப்எஸ்ஸில் பகிர்வு ஒன்றுகூட இல்லை, வலைவழிக் கோப்பு முறைமையான என்எஃப்எஸ் மூலம் எதையும் மவுண்ட் செய்வதும் இல்லை. பிறகு அந்த இரண்டும் கெர்னலுக்குள் எதற்கு? இந்தக் கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இசட்எஃப்எஸ் உள்ளுக்குள் யாரை நம்பி நிற்கிறது என்று தெரிந்ததும் இதனால்தான். அதனால் அந்தப் பகுதியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கெர்னல் தவிர்த்த மற்ற முழுக் கணினியையும் கம்பைல் செய்யும் பில்ட்வேர்ல்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேரத்தை விழுங்குவது கம்பைலர் தொகுப்பான எல்எல்விஎம்தான். மற்ற வகை நுண்செயலிகளுக்கான எல்எல்விஎம் இலக்குகள், சோதனைத் தொகுப்பு, 32 பிட் நூலகங்கள் ஆகியவற்றை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் பாரம் கணிசமாகக் குறைகிறது. அதைவிட முக்கியம் மெட்டா மோட். ஃபைல்மான் மாட்யூலை (மாட்யூல் என்பது தேவைப்படும்போது கெர்னலோடு இணைக்கும் தனித் துண்டு) ஏற்றிவிட்டு இதை இயக்கினால், எந்தக் கோப்பு எதைப் படித்து உருவானது என்று கணினியே குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மாறியதை மட்டும் கம்பைல் செய்யும். கெர்னல் கோப்பில் ஒரு வரியைத் திருத்தித் திருத்திப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்த வரியை வழக்கமான எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் எழுதினால் வேலை செய்யாது, எஸ்ஆர்சி-என்வி.கான்ஃப் என்ற தனிக் கோப்பில்தான் எழுத வேண்டும்.

நினைவகத்தை 16 ஜிபியாக உயர்த்தியதும் உதவியது. கம்பைல் ஆகும் கோப்புகள் போய்ச் சேரும் அடைவை நினைவகத்திலேயே இயங்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைத்துக்கொள்ள முடிகிறது, எஸ்எஸ்டியின் ஆயுளும் தேயாது. மடிக்கணினிக்கான 8 ஜிபி டிடிஆர்3 இப்போது எளிதில் கிடைப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். டிடிஆர்4-ஐ எடுத்து நீட்டி, ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும் சார்’ என்று அடித்துச் சொன்ன கடைக்காரரும் உண்டு. வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமே வேறு, செருகவே முடியாது. கடைசியில் கழற்றிய பழைய மடிக்கணினிகளை உதிரியாக விற்கும் ஒருவரிடம் ஒரே ஜோடியாகக் கிடைத்தது. வாங்கிய கையோடு இரவு முழுவதும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். நினைவகத்தில் ஒரு பிட் தவறினாலும் பில்ட்வேர்ல்ட் பாதியில் விளக்கமில்லாமல் செத்து விழும், குற்றம் மூலநிரல் மேல் போய்விடும்.

கெர்னல் கோப்புக்கு வருகிறேன். ஃப்ரீபிஎஸ்டி தரும் இயல்பான கெர்னல் அமைப்புக் கோப்பான ஜெனரிக்கை அப்படியே நகலெடுத்து வரி வரியாக அழிக்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பதிப்பு மாறும்போது ஜெனரிக்கில் புதிதாக வரும் வரிகள் நகலுக்கு வந்து சேராது. முதல் வரியில் ஜெனரிக்கை உள்ளிழுத்துவிட்டு, வேண்டாதவற்றை ‘நோடிவைஸ்’, ‘நோஆப்ஷன்ஸ்’ என்று கழித்துக்கொண்டே போவதுதான் என் வழி. என் கோப்பு ஒரே திரையில் அடங்கிவிடுகிறது. எதைக் கழித்தேன் என்பது அடுத்த ஆண்டும் ஒரே பார்வையில் தெரியும்.

ரெய்டு அட்டைகள், சர்வர்களுக்கான வலையட்டைகள், பேரலல் போர்ட் எல்லாம் கேள்வியே இல்லாமல் போயின. மெய்நிகர் இயந்திரங்களுக்கான ஹைப்பர்வி, ஸென் போன்றவற்றில் ஆப்ஷனும் டிவைஸும் சேர்ந்தே போக வேண்டும், ஜெனரிக்கின் குறிப்பிலேயே இருக்கிறது. ஸ்கஸி வகை வட்டு எதுவும் இல்லையே என்று அதற்கான எஸ்சிபஸ் வரி மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. சாட்டா எஸ்எஸ்டியும் யூஎஸ்பி பென்டிரைவும் அதன் வழியாகத்தான் வருகின்றன. எக்ஸ்220-இன் ஈதர்நெட்டுக்கு ஈஎம் டிரைவர். அது வலையட்டை டிரைவர்களுக்கான பொது நூலகமான ஐஎஃப்லிப் மேல் கட்டப்பட்டது. ஐஎஃப்லிப்பைக் கழித்தால் எல்லாம் நன்றாகக் கம்பைல் ஆகி, கடைசியில் எல்லாத் துண்டுகளையும் இணைக்கும் லிங்க் கட்டத்தில்தான் பெயர் தெரியாத குறியீடுகள் என்று லிங்கர் கத்தும். இந்த வகைப் பிழைகள் எனக்குப் பிடிக்கும். இன்னது இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகின்றன.

யூஎஃப்எஸ்ஸும் என்எஃப்எஸ்ஸும் அப்படிச் சொல்லவில்லை. எஃப்எஃப்எஸ், சாஃப்ட் அப்டேட்ஸ், யூஎஃப்எஸ் ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), என்எஃப்எஸ் கிளையன்ட், சர்வர், லாக் டீமன், என்எஃப்எஸ் ரூட் என்று மொத்தக் குடும்பத்தையும் கழித்தேன். மாட்யூல்களும் எனக்கு வேண்டியவை மட்டும் உருவாகட்டும் என்று மாட்யூல்ஸ் ஓவர்ரைடு வரியில் இசட்எஃப்எஸ், கிரிப்டோடெவ், டிஎம்பிஎஃப்எஸ், வைஃபை ஃபர்ம்வேர், பிஎஃப் என்று சுருக்கமான பட்டியல் கொடுத்தேன். ஒரு முனகலும் இல்லாமல் கம்பைல் ஆனது. கெர்னல்.டெஸ்ட் என்ற தனி அடைவில் நிறுவி, கெர்னலை ஏற்றும் லோடரின் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தேன். வன்பொருள் எல்லாம் வரிசையாக அடையாளம் காணப்பட்டது. பிறகு ரூட்டை (கணினியின் அடிப்படைக் கோப்பு முறைமையை) மவுண்ட் செய்யும் இடத்தில் ‘பிழை 2: அறியப்படாத கோப்பு முறைமை’ என்று சொல்லி மவுண்ட்ரூட் கேட்புக்குறியில் நின்றுவிட்டது.

அங்கே கேள்விக்குறியைத் தட்டினால் தெரிந்த வட்டுகளைப் பட்டியலிடும். என் எஸ்எஸ்டியான ஏடிஏ0 இருந்தது, பகிர்வுகள் எல்லாம் இருந்தன. டிரைவரில் குறையில்லை, ஆனால் இசட்எஃப்எஸ் என்றால் என்ன என்று அந்தக் கெர்னலுக்குத் தெரியவில்லை. இசட்எஃப்எஸ் மாட்யூலோ கெர்னல்.டெஸ்ட் அடைவில் பத்திரமாக இருந்தது, லோடர்.கான்ஃபிலும் அதை ஏற்றச் சொல்லும் வரி இருந்தது.

இங்கேதான் நாள்கள் போயின. ஏற்கெனவே ஓடிய ஜெனரிக் கெர்னலில் பூட் செய்து தேடினால் எந்தத் தடயமும் கிடைக்காது, ஏனென்றால் தவறு நடப்பது கெர்னல் விழிப்பதற்கு முன்பு. லோடர் காட்டும் வரிகளோ கண் சிமிட்டும் நேரத்தில் ஓடி மறைகின்றன. மெனுவிலிருந்து லோடர் கட்டளைவரிக்கு வெளியேறி, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, முதலில் சோதனைக் கெர்னலையும் அடுத்து இசட்எஃப்எஸ்ஸையும் கையால் ஏற்றச் சொன்னேன். அப்போதுதான் அந்த வரி நின்று தெரிந்தது. இசட்எஃப்எஸ் தனக்கு எக்ஸ்டிஆர் வேண்டும் என்று கேட்கிறது, அது கிடைக்காததால் லோடர் இசட்எஃப்எஸ்ஸையும் ஓரங்கட்டிவிடுகிறது. எக்ஸ்டிஆரைச் சேர்த்தால் அடுத்து ஏசிஎல்_என்எஃப்எஸ்4 வேண்டும் என்றது.

காரணம் அழகானது. எக்ஸ்டிஆர் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன் ஆர்பிசிக்காக (வேறு கணினியில் உள்ள செயல்களை வலைவழி அழைக்கும் முறை) வகுத்த தரவு வடிவம். என்எஃப்எஸ் தன் செய்திகளை அந்த வடிவத்தில்தான் அனுப்புகிறது. அதே சன் நிறுவனத்தில் பிறந்த இசட்எஃப்எஸ்ஸும், பூலின் (வட்டுகளின் தொகுதி) அமைப்பு விவரத்தை ஒவ்வொரு வட்டின் லேபிளிலும் அதே வடிவத்தில் எழுதி வைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் மூலநிரலில் எக்ஸ்டிஆர் தனி மாட்யூலாகவும் கிடைக்கும், என்எஃப்எஸ் ஆப்ஷன் இருந்தால் கெர்னலுக்குள்ளேயும் வந்துவிடும். ஜெனரிக்கில் என்எஃப்எஸ் இருப்பதால் இத்தனை காலமும் அது அங்கேயே கிடைத்துவந்தது. ஏசிஎல் கதையும் இதேதான். இசட்எஃப்எஸ்ஸின் அனுமதிப் பட்டியல்கள் என்எஃப்எஸ்வி4 பாணியிலானவை. அதைக் கையாளும் நிரல் யூஎஃப்எஸ் ஏசிஎல் ஆப்ஷனோடு சேர்ந்து உள்ளே வருகிறது. என்எஃப்எஸ்ஸையும் யூஎஃப்எஸ்ஸையும் வெளியேற்றியபோது, இசட்எஃப்எஸ் அவற்றிடமிருந்து சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பொருள்களும் சேர்ந்தே வெளியேறிவிட்டன. மாட்யூல்ஸ் ஓவர்ரைடும் இருந்ததால் தனி மாட்யூல்களாகவும் அவை உருவாகவில்லை.

மாட்யூல் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்ததும் கெர்னல் முதல் முறையிலேயே ரூட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. உள்நுழைவுக் கேட்புக்குறியைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

இனி கெர்னலைக் குறைக்கும்போதெல்லாம் பூட் செய்வதற்கு முன்பே கேஎல்டிஎக்ஸ்ரெஃப் கட்டளையை ‘டி’ விருப்பத்தோடு புதிய கெர்னல் அடைவின் மேல் ஓட்டப் போகிறேன். எந்த மாட்யூல் எதைச் சார்ந்தது என்பதை அது வெளிப்படையாக அச்சிடுகிறது. ஓடும் கெர்னலுக்குள்ளேயே இருப்பவற்றை கேஎல்டிஸ்டாட்டின் விரிவான பட்டியலில் காணலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். இன்னொன்று: ஓவர்ரைடு வரியில் எழுத வேண்டியது மூலநிரலில் உள்ள மாட்யூல் அடைவின் பெயர், கோப்பின் பெயர் அல்ல. திங்க்பேட் விசைகளுக்கான ஏசிபிஐ_ஐபிஎம் மாட்யூல் ஏசிபிஐ அடைவுக்குள் இருக்கிறது, எனவே அந்தப் பாதையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மற்றவை சுமூகமாகவே போயின. அமைப்புக் கோப்புகளைப் புதிய பதிப்போடு இணைக்கும் இடிசிஅப்டேட், நிர்வாகியான ரூட் பயனரின் வரியில் மட்டும் முரண்பாடு காட்டியது. 14-இல் ரூட்டின் இயல்பு ஷெல் சிஷெல்லிலிருந்து எஸ்எச்சுக்கு மாறிவிட்டது. நான் எஸ்எச்சையே ஏற்றுக்கொண்டு கடவுச்சொல் பகுதியைக் காப்பாற்றிக்கொண்டேன். பழைய நூலகங்களை நீக்கும் படியில் அவசரம் கூடாது. 14-இல் குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0 வந்திருக்கிறது. 13-இல் நிறுவிய பொதிகள் பழைய நூலகத்தைத்தான் தேடும். எல்லாப் பொதிகளையும் மறுபடி நிறுவிய பிறகுதான் நீக்கினேன். பூலின் வடிவத்தையும் புதிதாக்கும் இசட்பூல் அப்கிரேடு செய்யச் சொல்லி ஒவ்வொரு முறையும் நினைவூட்டல் வருகிறது, ஆனால் இப்போதைக்குத் தொடப் போவதில்லை. அதைச் செய்துவிட்டால், பிஇசிடிஎல் மூலம் நான் எடுத்து வைத்திருக்கும் 13.5 பூட் சூழலால் பூலைத் திறக்க முடியாமல் போகலாம். அந்தத் திரும்பும் வழி இன்னும் சில வாரங்கள் திறந்தே இருக்கட்டும்.

2025 டிசம்பரில் வந்த 15.0 பக்கமும் மனம் ஓடுகிறது. அதில் அடிப்படைக் கணினியையே பொதிகளாக நிறுவும் பிகேஜிபேஸ் இருக்கிறது. சொந்தக் கெர்னல் வைத்திருப்பவர்கள் அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன், இந்த மடிக்கணினியில் கிராபிக்ஸ் இன்னும் வரவில்லை. கிராபிக்ஸ் டிரைவர்கள் அடங்கிய டிஆர்எம்-கேமாட் தொகுப்பை 14.3 மூலநிரலோடு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அது கேட்கும், லினக்ஸ் டிரைவர்களை ஃப்ரீபிஎஸ்டியில் ஓட வைக்கும் லினக்ஸ்கேபிஐ மாட்யூல் என் சுருக்கப் பட்டியலில் இல்லை. இன்றிரவு அதைச் சேர்த்து பில்ட்கெர்னலை ஓடவிட்டிருக்கிறேன். அதுவரை எக்ஸ் என்ற வரைகலைத் திரை இல்லை, வெறும் எழுத்துக் கன்சோலும் அதைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் டீமக்ஸும்தான்.